சுவிஸ் கிராங்கன்காஸே: எந்தக் கொம்பனி என்பதை விட்டுவிட்டு எதைப் பார்க்க வேண்டும்

செப்டெம்பர் கடைசியில் கிராங்கன்காஸேக்கு, அதாவது மருத்துவக் காப்புறுதிக்கு, அடுத்த வருடத்துக் கட்டணம் எவ்வளவு ஏறுகிறது என்ற அறிவிப்பு பெர்னில் இருக்கும் மத்திய அரசிடம் இருந்து வந்ததும் எங்கள் ஆக்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்விதான் ஓடும்: எந்தக் கிராங்கன்காஸே நல்லது? 2026க்கான சராசரி மாதக் கட்டணம் 393 பிராங் 30 சதம் என்று அறிவித்தார்கள், அதுவும் பிள்ளைகளையும் சேர்த்த சராசரி. 26 வயது தாண்டியவர்களுக்கு மட்டும் பார்த்தால் 465 பிராங்கைத் தாண்டும். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் வீட்டு வாடகைக்கு அடுத்த பெரிய செலவு இதுதான். பல வருடமாகக் கட்டி, இடையில் மாற்றியும் பார்த்திருக்கிறேன், அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

கொம்பனியின் பெயரைப் பார்த்துத் தெரிவு செய்வதில் அர்த்தமே இல்லை. 1996இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, எல்லோரும் கட்டாயம் எடுக்க வேண்டிய அடிப்படைக் காப்புறுதி என்ன கட்டவேண்டும் என்பது எல்லாக் கொம்பனிக்கும் ஒன்றுதான். சிஎஸ்எஸ், ஹெல்சானா, சுவிகா, கொன்கோர்டியா, அசுரா, எதுவாக இருந்தாலும் அதே வைத்தியர், அதே மருந்துப் பட்டியல், அதே சத்திரசிகிச்சை. உங்களுக்கு நீரிழிவு இருக்கிறது, வயது எழுபது என்று சொல்லி எந்தக் கொம்பனியும் அடிப்படைக் காப்புறுதிக்கு மறுக்க முடியாது, உடல்நிலைக் கேள்விகள் கேட்கவும் முடியாது. ஆனால் ஒரே ஊரில், ஒரே வயதுக்கு, ஒரே காப்புறுதிக்கு மலிவானதுக்கும் விலை கூடியதுக்கும் இடையில் மாதம் நூறு பிராங்குக்கு மேல் வித்தியாசம் வரலாம். "பெரிய கொம்பனி, நம்பிக்கையானது" என்று சொல்லிக் கூடக் கட்டிக்கொண்டிருப்பவர்களைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே மனம் பதறுகிறது, ஏனென்றால் அந்தக் காசுக்கு அவர்களுக்கு அடிப்படைக் காப்புறுதியில் மேலதிகமாக ஒரு பனடோல் கூடக் கிடைக்காது.

கொம்பனிக்குக் கொம்பனி உண்மையில் வித்தியாசப்படுவது சேவைதான். சில இடங்களில் பில்லைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து அனுப்பினால் சில நாளில் காசு வந்துவிடும், சில இடங்களில் வாரக்கணக்கில் இழுக்கும். நான் முன்பு இருந்த ஒரு மலிவான காப்புறுதியில் மருந்துக்கடையில் முழுக் காசையும் நாங்களே கட்டிவிட்டுப் பிறகுதான் திருப்பி எடுக்க வேண்டும். ஆரோக்கியமான ஆளுக்கு இது பெரிய விசயமில்லை, ஆனால் மாதாமாதம் விலை கூடிய மருந்து எடுக்கும் வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு அது பெரிய தலையிடி. மருந்துக்கடை நேரடியாகக் கொம்பனிக்குப் பில் அனுப்புமா என்று ஒப்பந்தம் போடும் முன்பே கேளுங்கள்.

சரி, காசு உண்மையில் மிஞ்சும் இடம் ஃபிரான்ஷீஸ். ஒரு வருடத்தில் காப்புறுதி கட்டத் தொடங்கும் முன் எங்கள் பையிலிருந்து போகும் தொகை அது. பெரியவர்களுக்கு 300, 500, 1000, 1500, 2000, 2500 என்று ஆறு படி இருக்கிறது. அது முடிந்த பிறகும் ஒவ்வொரு பில்லிலும் 10 சதவீதம் நாங்கள்தான் கட்ட வேண்டும், அது வருடத்துக்கு 700 பிராங் வரை. ஆக, 300இல் இருப்பவர் எவ்வளவு நோயாளியானாலும் வருடத்துக்கு ஆகக் கூடியது 1000 பிராங், 2500இல் இருப்பவர் 3200 பிராங் கட்ட வேண்டி வரும். வைத்தியசாலையில் தங்கினால் நாளுக்கு 15 பிராங் தனி.

கூடிய ஃபிரான்ஷீஸ் எடுத்தால் மாதக் கட்டணம் குறையும், ஆனால் அந்தக் கழிவுக்கும் சட்டம் ஒரு எல்லை வைத்திருக்கிறது: நீங்கள் மேலதிகமாக ஏற்கும் ஆபத்தின் 70 சதவீதத்துக்கு மேல் கழிவு தர முடியாது. 300க்கும் 2500க்கும் இடையில் 2200 பிராங், அதில் 70 சதவீதம் 1540. அதாவது முழுக் கழிவும் கிடைக்கிற இடத்தில் 2500ஐ எடுத்தால் வருடத்துக்கு 1540 பிராங் மிஞ்சும். இதை வைத்துக் கணக்குப் போட்டால், வருடத்து மருத்துவச் செலவு ஏறக்குறைய 2000 பிராங்குக்குக் கீழே என்றால் 2500 லாபம், அதற்கு மேலே போனால் 300 லாபம். நடுவில் இருக்கும் 1000, 1500 எல்லாம் பாதுகாப்பாகத் தெரியும், ஆனால் எழுதிப் பார்த்தால் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று அதை வென்றுவிடும். வருடத்துக்கு ஒருமுறை தடிமன் காய்ச்சலுக்கு மட்டும் வைத்தியரிடம் போகும் முப்பது வயதுக்காரர் 300இல் இருப்பதும், பிரஷர், கொலஸ்ட்ரோல், சர்க்கரை மூன்றுக்கும் மருந்து எடுக்கும் அம்மா 2500இல் இருப்பதும் நான் எங்கள் வீடுகளில் திரும்பத் திரும்பக் காணும் காட்சி. இரண்டுமே காசை வீணாகக் கொடுப்பதுதான். ஒன்று மட்டும் கவனம்: 2500 எடுத்தால் அந்தத் தொகையை எப்போதும் வங்கியில் தனியாக வைத்திருக்க வேண்டும். அது முடியாதவர்கள் 300இலேயே இருங்கள், கடன்பட்டு வைத்தியம் பார்க்கும் நிலை வரவே கூடாது.

பிள்ளைகளுக்கு ஃபிரான்ஷீஸ் இல்லாமலே எடுக்கலாம், அப்படியே எடுங்கள். கர்ப்பிணிகளுக்கு 13ஆவது வாரத்தில் இருந்து பிரசவத்துக்குப் பிறகு எட்டு வாரம் வரை இந்தக் கைக்காசு எதுவும் கிடையாது, அந்தக் காலத்தில் பில் வந்தால் திருப்பிக் கேளுங்கள்.

அடுத்தது மொடல், அதாவது நோய் வந்தால் முதலில் யாரிடம் போக வேண்டும் என்ற ஏற்பாடு. வழமையானதில் நினைத்த வைத்தியரிடம் நேரே போகலாம், கட்டணமும் அதுக்குத்தான் ஆகக் கூட. குடும்ப வைத்தியர் மொடலில் முதலில் நீங்கள் பெயர் கொடுத்த வைத்தியரிடம்தான் போக வேண்டும், எச்.எம்.ஓவில் குறிப்பிட்ட ஒரு மருத்துவ நிலையத்துக்கு. டெல்மெட்டில் முதலில் மருத்துவ ஆலோசனைச் சேவைக்குத் தொலைபேசி எடுக்க வேண்டும். இவற்றில் கட்டணம் பெரும்பாலும் பத்து சதவீதத்துக்கு மேலேயே குறையும்.

நாங்கள் இப்போது டெல்மெட்டில் இருக்கிறோம், அதனால் அதைப் பற்றி உறுதியாகச் சொல்லலாம். மகளுக்கு ஒரு ஞாயிறு இரவு காய்ச்சலோடு உடம்பில் சிவப்புப் புள்ளிகள் வந்தன. எடுத்ததும் பிறந்த திகதியும் காப்புறுதி இலக்கமும் கேட்டார்கள், பிறகு காய்ச்சல் எவ்வளவு, கழுத்தைக் குனிய முடிகிறதா, தண்ணீர் குடிக்கிறாளா என்று வரிசையாகக் கேள்விகள். ஒரு கண்ணாடிக் குவளையைப் புள்ளியின் மேல் வைத்து அழுத்தச் சொன்னார்கள், அழுத்தும்போது நிறம் மறைகிறதா என்று பார்க்க. மறைந்தது. சிறிது நேரத்தில் வைத்தியர் ஒருவர் திரும்ப எடுத்து, இரவே ஓட வேண்டியதில்லை, இன்ன இன்ன மாறினால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள், இல்லாவிட்டால் காலையில் பிள்ளை வைத்தியரிடம் காட்டுங்கள் என்றார். அவசரப் பிரிவில் பல மணி நேரம் காத்திருந்து பெரிய பில்லோடு வருவதைவிட இது எங்களுக்கு எவ்வளவோ மேல்.

ஆனால் எல்லோருக்கும் இது சரிவராது. ஜெர்மன் அல்லது பிரெஞ்சில் நோவைத் தொலைபேசியில் விளங்கப்படுத்த முடியாத பெற்றோருக்கு டெல்மெட் எடுத்துக் கொடுத்துவிட்டு நாங்கள் வேலைக்குப் போனால் அவர்கள் திண்டாடுவார்கள். அவர்களுக்குக் குடும்ப வைத்தியர் மொடல்தான், அதுவும் ஏற்கனவே பழகிய வைத்தியர் அந்தக் கொம்பனியின் பட்டியலில் இருக்கிறாரா என்று பார்த்த பிறகு. டெல்மெட்டில் இருப்பவர் முதலில் தொலைபேசி எடுக்காமல் நேரே விசேட வைத்தியரிடம் போனால் கொம்பனி அந்தப் பில்லைக் கட்ட மறுக்கலாம். உயிர் ஆபத்தான அவசரத்துக்கு இந்த விதி கிடையாது, அம்புலன்ஸுக்கு 144ஐ எடுங்கள்.

இனி முகவர்கள் பற்றி. எங்கள் வீட்டுக்கும் ஒருவர் வந்தார், தமிழ் ஆள், நல்லாகக் கதைத்தார், அடிப்படைக் காப்புறுதியைப் பற்றி இரண்டு வசனம் சொல்லிவிட்டு மிச்ச நேரம் முழுக்க, விரும்பினால் மட்டும் எடுக்கும் மேலதிகக் காப்புறுதியைத்தான் விற்றார். காரணம் எளிது: கொம்பனிகள் தங்களுக்குள் செய்து, 2024 செப்டெம்பரில் இருந்து எல்லோருக்கும் கட்டாயமாக்கப்பட்ட உடன்படிக்கையில் அடிப்படைக் காப்புறுதிக்கு முகவருக்குக் கிடைப்பது ஆகக் கூடியது 70 பிராங், மேலதிகக் காப்புறுதிக்கோ ஒரு வருடக் கட்டணம் வரை. முன்பின் தெரியாமல் தொலைபேசி எடுத்து விற்பதும் அதிலேயே தடை செய்யப்பட்டுவிட்டது, அப்படி எடுத்தால் வெட்டிவிடுங்கள். உங்களுக்கு முகவரே தேவையில்லை. பிரிம்இன்ஃபோ என்று அரசாங்கத்தின் இலவச இணையத்தளம் இருக்கிறது. தபால் இலக்கம், பிறந்த வருடம், ஃபிரான்ஷீஸ் கொடுத்தால் எல்லாக் கொம்பனியின் கட்டணமும் வரிசையாக வரும், விளம்பரம் கிடையாது, தரகும் கிடையாது. நான் அதைத்தான் பாவிக்கிறேன், மனமாரச் சிபாரிசு செய்கிறேன்.

மேலதிகக் காப்புறுதி வேறு கொம்பனியில் இருக்கலாம், அடிப்படை வேறு கொம்பனியில் இருக்கலாம். இது பலருக்குத் தெரியாது, அதனாலேயே விலை கூடிய இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் மேலதிகத்துக்கு உடல்நிலை கேட்பார்கள், மறுக்கவும் செய்யலாம், ஆகவே புதியது கையில் கிடைக்கும் வரை பழையதை வெட்டவே வேண்டாம். பிள்ளை பிறக்கப் போகிறது என்றால் பிறக்கும் முன்பே மேலதிகத்துக்குப் பதிந்துவிடுங்கள், அப்போது பல கொம்பனிகள் கேள்வியில்லாமல் எடுக்கும். பற்சூத்தைக்கு அடிப்படையில் கட்ட மாட்டார்கள்.

ஒரே முதலாளியிடம் வாரத்துக்குக் குறைந்தது எட்டு மணி நேரம் வேலை செய்பவர்களுக்கு வேலைக்கு வெளியே நடக்கும் விபத்துக்கும் அந்த வேலையிலேயே காப்புறுதி இருக்கிறது, ஆகவே கிராங்கன்காஸேயில் விபத்துப் பகுதியை நீக்கிவிடலாம். வேலையை விட்டால் மட்டும் திரும்பச் சேர்க்க மறக்காதீர்கள். ஊருக்குப் போகும்போது இலங்கையில் அவசர வைத்தியம் தேவைப்பட்டால் சுவிஸில் ஆகும் செலவின் இரண்டு மடங்கு வரை அடிப்படையே கட்டும். நோயாளியை இங்கே திருப்பிக் கொண்டுவரும் விமானச் செலவுக்குத்தான் தனிப் பயணக் காப்புறுதி வேண்டும்.

வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு கன்டோன், அதாவது மாநில அரசு, கட்டணத்தில் ஒரு பகுதியைத் தரும். சில கன்டோனில் தானாக வரும், சிலதில் படிவம் நிரப்ப வேண்டும், சம்பளத்திலேயே வரி பிடிக்கப்படுபவர்கள் கட்டாயம் விசாரியுங்கள். எங்கள் ஆக்கள் பலர் இதை உதவிப்பணம் என்று நினைத்துக் கேட்கவே கூச்சப்படுகிறார்கள், அது சட்டம் தந்த உரிமை.

மாற்றுவதென்றால் விலகல் கடிதம் நவம்பரின் கடைசி வேலைநாளுக்குள் பழைய கொம்பனியின் கையில் இருக்க வேண்டும், தபால் முத்திரைத் திகதி செல்லாது. பதிவுத் தபாலில் நவம்பர் நடுப்பகுதியிலேயே போட்டுவிடுங்கள், அதற்கு முன் பழைய நிலுவை ஏதும் இருந்தால் கட்டி முடியுங்கள், நிலுவையோடு மாற விடமாட்டார்கள்.