பாக் விரிகுடா கடல் பசு கணக்கெடுப்பு: தன்னார்வலராகப் போகலாமா?

கடல் பசுவை நேரில் பார்த்துவிடலாம் என்று நம்பிப் பெயர் கொடுக்காதீர்கள், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூர் கடலோரத்தில் மல்லிப்பட்டினம், மனோரா பக்கம் நடந்த களப்பணியில் ஒரு ஆவுளியாகூட (கடல்புல் மேய்கிற பாலூட்டியான கடல் பசுவுக்கு இங்கே அதுதான் பெயர்) எங்கள் கண்ணில் படவில்லை. தண்ணீர் கலங்கல், இருப்பதோ கொஞ்சம், மூச்சு வாங்க மேலே வந்தாலும் மூக்கை மட்டும் நீட்டிவிட்டு உடனே முங்கிவிடும். இருந்தாலும் திரும்பக் கூப்பிட்டால் கட்டாயம் போவேன்.

ஏனென்றால் உண்மையான வேலை அது மேய்கிற கடல்புல்லில்தான் இருக்கிறது. விடிந்ததும் வள்ளத்தில் கிளம்பி, ஆழம் குறைந்த இடமாகப் பார்த்து நங்கூரம் போட்டு, பிளாஸ்டிக் குழாயில் செய்த அரை மீட்டர் சதுரத்தைத் தரையில் வைத்து, அதற்குள் எத்தனை பங்கு கடல்புல், எத்தனை பங்கு வெறும் மணல் என்று பலகையில் பென்சிலால் குறிக்க வேண்டும், அப்புறம் கயிறு பிடித்து அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். அலுப்பு தட்டும்தான். ஆனால் அடர்ந்த புல்லுக்கு நடுவே ஒரு சாண் அகலத்தில் வெள்ளை மணல் தெரிய வளைந்து வளைந்து போன கோட்டைப் பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. வேரோடு பிடுங்கித் தின்றுகொண்டே ஆவுளியா போன மேய்ச்சல் தடம் அது! ஒரு நாளைக்கு 30 கிலோவுக்கு மேல் தின்கிற பிராணி, புல் போனால் அதுவும் போய்விடும். ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டி, அடுத்த குட்டிக்குப் பல வருடம் ஆகும் என்பதால், வலையில் சிக்கி மூச்சுமுட்டிச் சாகிற ஒவ்வொன்றும் பெரிய இழப்பு.

மதியம் கரையில் வலை பின்னுகிற பெரியவர்களிடம் கேட்டு எழுதுகிற வேலை. இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. எந்தக் காற்றுக்கு எங்கே மேயும், எந்த வலையில் மாட்டும் என்று அவர்களுக்கு அத்துப்படி. வலையை அறுத்து ஆவுளியாவை விட்டவர்களுக்கு வனத்துறை பரிசுப் பணம் தருகிறது, நல்ல ஏற்பாடு. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல் பசு பாதுகாப்பகமாக அறிவித்தார்கள், நாட்டிலேயே முதலாவது. அது நிலைக்க வேண்டுமென்றால் இந்த மக்கள் கூட இருக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. ஏற்பாட்டாளர்களின் சுவரொட்டியில் இருந்த நீலக் கடல் படம் இந்தக் கடலே இல்லை, அதை மாற்றுங்கள். பெண்கள் ஈர உடை மாற்ற மறைவான இடம் கிடையாது. எடுத்த கணக்கைத் தமிழில் ஒரு பக்கமாவது அச்சடித்து அந்த ஊர்களுக்குத் தராதது எனக்குப் பெரிய வருத்தம்.

சாப்பாடு அருமை, சங்கரா மீன் குழம்பு. காசு வாங்கவில்லை, பேருந்துச் செலவு மட்டும் நம்முடையது. ஐந்துக்கு நான்கு தருவேன். வடகிழக்குப் பருவமழை நேரத்தைத் தவிர்த்து, பொங்கலுக்கு அப்புறம் கடல் அடங்கியதும் போங்கள். முழுக்கைச் சட்டை அவசியம், முதுகு வெந்துவிடும். நீச்சல் தெரியாவிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கரை வேலை தருவார்கள்.