மலாய் சக ஊழியரோடு பணியாற்றப் பயிற்சி: ரங்கூனிலிருந்து ஒரு மதிப்பீடு

ரங்கூனின் சரக்கு முகவர் அலுவலகங்களில் வேலை பார்க்கும் தமிழர்களுள், கிள்ளான் துறைமுகத்தோடும் கோலாலம்பூரோடும் நாள்தோறும் பேச வேண்டியவர்கள் உண்டு. அத்தகையோருக்காக இங்குள்ள ஒரு தனியார் நிறுவனம் நடத்தும் ஒருநாள் பயிற்சிக்கு எங்கள் அலுவலகம் என்னையும் அனுப்பியது. சேரலாமா என்று கேட்பவர்களுக்கு என் விடை, முற்பகல் வகுப்புக்காகச் சேரலாம், பிற்பகலில் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை என்பதே.

முற்பகல் வகுப்பு மிகத் தெளிவாக அமைந்திருந்தது. மேலாளரின் கணக்கில் பிழை இருப்பதைப் பலர் முன்னிலையில் சுட்டிக்காட்டினால் அவருடைய முகம் வாடும் என்பதோடு, சொன்னவரும் 'குராங் ஆஜார்', அதாவது வளர்ப்புச் சரியில்லாதவர் என்று பெயரெடுத்துப் பெற்றோருக்கே இழுக்குத் தேடுவார் என்பதால், பிழையை அறிந்த மலாய் ஊழியர் கூட்டத்தில் வாய் திறப்பதில்லை. மூத்தவரிடம் கொள்ளும் 'செகான்' என்னும் மரியாதைத் தயக்கமும், பிறர் பார்வையில் குன்றிவிடக் கூடாது என்னும் 'மாலு' உணர்வும் இதற்கு அடிப்படை. 'நாந்தி சாயா தெங்கோக்', பிறகு பார்க்கிறேன், என்று புன்னகையோடு வரும் விடையைச் சம்மதமாகக் குறித்துக்கொண்டு கப்பலில் இடம் பதிவு செய்துவிடுவோர் நம்மிடையே குறைவில்லை. கூட்டத்துக்கு முதல்நாளே கேள்வியை எழுத்தில் ஒருவருக்கு மட்டும் அனுப்புவது, 'முடியுமா' என்று கேளாமல் 'எது தடையாக வரும்' என்று கேட்பது, இருவரும் மதிக்கும் மூத்தவர் வழியாகச் செய்தியைக் கொண்டுசேர்ப்பது ஆகியவற்றை நடித்துக் காட்டிப் பழக்கினார்கள். (பிறருக்குச் சங்கடம் தரத் தயங்கும் பர்மியரின் 'ஆனாடே' உணர்வோடு வளர்ந்த நமக்கு இதில் பாதி புதிதல்ல.)

பிற்பகலில்தான் எனக்கு மனத்தாங்கல். மேல்கீழ் வேறுபாட்டை மக்கள் எவ்வளவு இயல்பாக ஏற்கிறார்கள் என்பதை நாடுவாரியாக அளக்கும், டச்சு ஆய்வாளர் ஹாஃப்ஸ்டெடின் அதிகார இடைவெளிக் குறியீட்டில் மலேசியா 104 புள்ளிகளோடு உச்சியில் இருப்பதைக் காட்டி, மலாய்க்காரரின் இயல்பு இது என்றார் பயிற்றுநர். அந்த எண், சீனரும் தமிழரும் சேர்ந்து வாழும் ஒரு நாட்டுக்குரியது. 'அமைதியான கிழங்கு உள்ளே பருக்கும்' என்ற மலாய்ப் பழமொழியையும் பாதியில் நிறுத்திவிட்டார். சும்மா கிடக்கும் இரும்பு துருப்பிடிக்கும் என்பது அதன் மறுபாதி. ஊழியர் மௌனத்தை, சொல்லிப் பயனில்லை என்ற சலிப்பு, தண்டனைக்கு அஞ்சும் தற்காப்பு, பிறர் நலன் கருதிய அடக்கம் என்று மூன்றாகப் பிரித்துக்காட்டிய ஆய்வு 2003இலேயே வெளிவந்துவிட்டது. இந்தப் பயிற்சியோ மூன்றாவதை மட்டுமே அறிந்ததுபோல் பேசுகிறது. குறை சொன்னவரைப் பழிவாங்கும் மேலாளருக்கு இதைவிட வசதியான விளக்கம் கிடைக்காது. அச்சமும் உண்டு என்பதை ஏற்றுத்தான் மலேசியா 2010இல், முறைகேடுகளை வெளிப்படுத்துவோருக்கான தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. சட்ட அமலாக்க அமைப்பிடம் முறையிடுவோருக்கே அந்தப் பாதுகாப்பு, செய்தித்தாளுக்குச் சொல்வோருக்கு இல்லை. இது பற்றிக் கேட்டபோது, பாடத்திட்டத்தில் இல்லை என்று கடந்துவிட்டார்கள்.

விளக்கம் பர்மிய மொழியில், கையேடு ஆங்கிலத்தில். இரண்டும் தெரியாவிட்டால் சிரமம். மேலாளர்களுக்கெனத் தனி வகுப்பும் இல்லை. ஊழியரை அனுப்பும் அலுவலகங்கள் முதலில் அதைக் கேட்டுப் பெறுவது நல்லது.