ஸ்டீமில் ஆறு வருடம்: குத்தகைக்கு எடுத்த தோப்பு

கம்ப்யூட்டர் கேம்களை இணையத்தில் விற்கும் கடையான ஸ்டீமில் கணக்குத் தொடங்கியது 2019 தீபாவளிக்கு முந்தின வாரம். போனஸ் வந்திருந்தது. இன்றைக்கு என் கணக்கில் 63 கேம்கள். அதில் பாதியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஆடித் தள்ளுபடியில் எடுத்த புடவை மாதிரி அப்படியே மடித்துக் கிடக்கின்றன. ஊர் காவேரிப்பட்டணம் பக்கம், வேலை ஓசூர் சிப்காட்டில். நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, தூங்கி எழுந்து சாயங்காலம் விளையாடுகிறவன். அரசியலில் நான் சிவப்பு. கேமுக்குள் எதற்கு அரசியல் என்பவர்கள் இந்த நிறுத்தத்திலேயே இறங்கிக்கொள்ளலாம்.

கொடுத்த காசுக்கு அதிகம் உழைத்தது கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்தான். ராக்கெட் கட்டிப் பறக்கவிடும் கேம், 2015இல் முழுதாக வெளிவந்தது. முதல் மாதம் என் ராக்கெட்டெல்லாம் நேராக மேலே போய் நேராகக் கீழே விழுந்தன. உயரம் மட்டும் போதாது, பக்கவாட்டில் அசுர வேகம் வேண்டும், அதுதான் கீழே விழாமல் சுற்ற வைக்கிறது என்பது பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தபோது மண்டையில் ஏறவில்லை. ஐம்பது ராக்கெட் வெடித்த பிறகு ஏறியது.

2023இல் சந்திரயான்-3 போய்க்கொண்டிருந்தபோது அப்பா கேட்டார்: "அமெரிக்காக்காரன் 1969லயே நாலு நாள்ல போயிட்டான். நம்மாளுங்க ஏண்டா நாப்பது நாள் சுத்தறாங்க?" லேப்டாப்பைத் திண்ணைக்குத் தூக்கி வந்தேன். அவர்களுடையது ராட்சத ராக்கெட். நம்முடையதற்கு ஒரே மூச்சில் நிலாவுக்குத் தள்ளும் திராணி கிடையாது. அதனால் விண்கலம் பூமிக்கு மிக அருகே வரும் நேரம் பார்த்து இன்ஜினைக் கொஞ்ச நேரம் எரிப்பார்கள். பாதையின் மறுமுனை இன்னும் தள்ளிப் போகும். திரும்ப வந்ததும் இன்னொரு தள்ளு. "மாமரத்து ஊஞ்சல்ல எங்களை ஆட்டிவிடுவியே, அதான் பா." அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எத்தனை தள்ளு?" என்றார். அஞ்சு, ஆறாவதில் நிலாப் பக்கம் என்றேன். ஆகஸ்ட் 23 மாலை 6.04க்கு லேண்டர் இறங்கியபோது எங்கள் தெருவில் அதிகம் கத்தியது அவர்தான். அரசாங்கத் துறை எதற்கும் லாயக்கில்லை என்று டீக்கடையில் யாராவது ஆரம்பித்தால், "அந்த ராக்கெட்டை விட்டது எந்த முதலாளி?" என்று மடக்கிவிடுகிறார். நான் பத்து வருடம் பேசி ஆகாத காரியம்.

அடுத்து விக்டோரியா 3. 1836இலிருந்து 1936 வரை ஒரு நாட்டை நடத்த வேண்டும். நிலப்பிரபுக்கள், ஆலை முதலாளிகள், தொழிற்சங்கங்கள் என்று ஆளாளுக்கு இழுப்பார்கள். எவன் கை ஓங்குகிறதோ அவனுக்கேற்ற சட்டம். பொருளாதாரம் இப்படித்தான் அரசியலாகிறது என்பதை இவ்வளவு பொறுமையாகக் காட்டிய கேம் வேறு நான் ஆடியதில்லை. ஆனால் ஒரு வாக்குமூலம். குழந்தைத் தொழிலைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை நான் இருபது வருடம் தள்ளிப்போட்டேன். நெசவாலை வருமானம் ஏறிக்கொண்டிருந்தது, 'இன்னும் கொஞ்சம்' என்று தோன்றியது. கம்பெனியில் ஓவர்டைம் கூலிக்காகச் சங்கத்துக்கு மனு எழுதிக் கொடுத்த அதே கை.

"சோஷலிசத்துல கேமெல்லாம் வருமா?" என்று நண்பன் சீண்டுவான். டெட்ரிஸ் 1984இல் மாஸ்கோவில் பிறந்ததுடா என்பேன். செய்த பஜித்னோவுக்கு 1996 வரைக்கும் ராயல்டி வரவில்லையே என்பான். சரி, அதுவும் உண்மைதான்.

கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றுகிறவனைக் கிண்டல் செய்யும் கேமர்களுக்கு ஒன்று: பாதி வெந்த கேமை முன்பதிவு செய்துவிட்டு ஆறு மாதம் குறைகளைச் சரிசெய்யும் பேட்ச்சுக்குக் காத்திருப்பவர்கள் நாம். அவனுக்காவது முதல் நாளே முழுப் படம் கிடைக்கிறது.

வசதிகளில் குறை சொல்ல அதிகமில்லை. விலை ரூபாயில். இரண்டு மணி நேரத்துக்குள் ஆடி, 14 நாளுக்குள் கேட்டால் பணம் திரும்புகிறது. விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டிக் காட்டும் ஸ்டீமின் புரோட்டான் மென்பொருள் புண்ணியத்தில் என் செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பில் லினக்ஸிலேயே பெரும்பாலானவை ஓடுகின்றன.

உறுத்துவது வேறு. 2024 அக்டோபரிலிருந்து ஸ்டீமில் பணம் கட்டும் பக்கத்தில் ஒரு வரி தெரிகிறது: நீங்கள் வாங்குவது உரிமம் மட்டும். கலிபோர்னியாவில் வந்த சட்டத்தின் விளைவு. நிலைமை முன்பும் இதுதான், இப்போது வாய்விட்டுச் சொல்கிறார்கள். வேறொரு நிறுவனத்திடம் நான் வாங்கிய கார் பந்தய கேமுக்கு ஒருநாள் சர்வரை நிறுத்தினார்கள். கார், ரோடு, என் 140 மணி நேரம் எல்லாம் போச்சு. இதை எதிர்த்து ஐரோப்பாவில் நடந்த கையெழுத்து இயக்கம் 2025 ஜூலையில் பத்து லட்சத்தைத் தாண்டியது. நம் ஊரில் ஒருத்தரும் மூச்சு விடவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். எங்கள் தோப்பைப் பூ எடுக்கும்போதே வியாபாரிக்குக் குத்தகைக்கு விடுகிறவர் அவர். "குத்தகைன்னா எத்தனை வருசம், எந்தத் தேதிக்குக் காலி பண்ணணும்னு முன்னாடியே பேசிக்குவோம். முன்பணம் வாங்கிட்டு நெனச்சப்போ வேலி போட்டுக்குவேன்னா எவன்டா வருவான்?" 63 தடவை போயிருக்கிறேன் என்று நான் சொல்லவில்லை.

இப்போது, இறக்கி வைத்த கேம் கடைக்காரன் தயவில்லாமல் ஓடும் ஜிஓஜி என்ற இன்னொரு கேம் கடையில் கிடைப்பதை அங்கேயே வாங்கி, இறக்கி, ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக்கொள்கிறேன். அது தோப்புப் பட்டா இருக்கும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. இடம் ஒதுக்கிக் கொடுத்தது அப்பாதான். அப்புறம், ஸ்டீமின் அடுத்த கோடைத் தள்ளுபடிக்கும் மூன்று கேம் குறித்து வைத்திருக்கிறேன்.