குருவியா, பூச்சியா, புங்கமரமா?

பிள்ளைக்கு இயற்கையைக் காட்டவும் வேண்டும், பிள்ளை பார்த்தது ஆய்வுக்குப் பயன்படவும் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றையும் எட்டு வயது அண்ணன் மகளோடு செய்து பார்த்தாயிற்று.

முதலில் பறவை. 2015 முதல் தமிழ்நாட்டில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்குக் காட்டுக்கெல்லாம் போக வேண்டாம், மொட்டைமாடி போதும். குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ணில் பட்டது, காதில் விழுந்தது எல்லாவற்றையும் எண்ணி ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றினால் ஆயிற்று. பள்ளி விடுமுறை, வலசை வந்த தகைவிலான்கள் கம்பியில் உட்கார்ந்திருக்கும் காலம், கையில் கரும்பு. ஆனால் குருவி நிற்காதே! சின்னக் கை தொலைநோக்கியைச் சரிசெய்வதற்குள் பறந்துவிடும். “அதே காக்கா திரும்ப வந்தா எண்ணணுமா சித்தப்பா?” என்று கேட்டாள். உத்தேசமாகப் போடலாம் என்றேன். கணக்கில் உத்தேசம் என்பதை அவளால் ஒத்துக்கொள்ளவே முடியவில்லை. பத்து வயதுக்கு மேல் இது பிரமாதமான விளையாட்டு.

அடுத்து ஐநேச்சுரலிஸ்ட். எறும்போ களைச்செடியோ படம் எடுத்துப் போட்டால் செயலியே பெயரை ஊகிக்கும், தெரிந்தவர்கள் வந்து சரி அல்லது தவறு என்பார்கள். சின்னப் பிள்ளைகள் பார்த்ததைப் பெரியவர்களின் கணக்கில் பதிவது நல்லது. வீட்டு வாசலில் எடுத்த படமென்றால் இடத்தை மறைத்துப் போடுங்கள். அதன் தம்பியான சீக் செயலிக்குக் கணக்கே வேண்டாம், பெயர் உடனே வரும். ஆனால் கணக்கில்லாமல் பார்த்தது ஆய்வுக்குப் போய்ச் சேராது, கைப்பேசியோடு நின்றுவிடும். எனக்கு இதில் இன்னொரு குறையும் தெரிகிறது. பெயர் கிடைத்ததும் பூச்சியைப் பார்ப்பதை விட்டுவிட்டு அடுத்ததைத் தேடி ஓடுகிறாள்.

மூன்றாவது, என் ஓட்டு விழுவது: சீசன்வாட்ச். 2010-இல் தொடங்கிய மரப் பதிவுத் திட்டம். கேரளப் பள்ளிப் பிள்ளைகள் இதில் நிறையப் பங்கெடுக்கிறார்கள். பட்டியலிலுள்ள ஒரு மரத்தைத் தேர்ந்துகொண்டு, வாரம் ஒருமுறை அதே மரத்தடிக்குப் போக வேண்டும். இலை, பூ, காய் எந்த நிலையில் இருக்கிறது, இல்லையா, கொஞ்சமா, நிறையவா? அவ்வளவுதான் கேள்வி. உத்தேசத் தகராறே இல்லை. தளிர், சருகு, அரும்பு, பிஞ்சு, காய், கனி என்று நிலைக்கொரு சொல் நம்மிடம் ஏற்கெனவே இருப்பதால் பிள்ளைக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதும் குறைவு. மரம் பறந்தும் போகாது.

சலிப்பு வரும், மறைக்கவில்லை. நாலு வாரம் தொடர்ந்து “ஒண்ணும் மாறலை” என்றுதான் எழுதுவாள். அந்த ‘இல்லை’யும் தகவல்தான். போன வாரம் இல்லை என்று யாராவது எழுதி வைத்திருந்தால்தானே இந்த வாரம்தான் பூத்தது என்று சொல்ல முடியும்? கொன்றை சித்திரைக்கு முன்பே பூக்கிறதா என்பது பல ஊர்களில் பல வருடம் எழுதி வைத்தால்தான் தெரியும்.

எங்கள் மரம் தெருமுனைப் புங்கமரம். பிப்ரவரியில் மொட்டையாக நின்றது. ஒரு ஞாயிறு போனோம், கிளையெல்லாம் பளபளவென்று இளம்பச்சை. தாளில் மூன்று கட்டங்கள்தான் இருந்தன. ‘நிறைய’ கட்டத்தில் குறி போட்டுவிட்டு, பக்கத்தில் தானாகவே இன்னொரு கட்டம் வரைந்து “ரொம்ப நிறைய” என்று எழுதினாள்.