முகவாய் முடியும் மூன்று வருட லேசரும்

முகவாயில் லேசர் எடுக்க ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. அதற்கு முன் வாராவாரம் அண்ணா நகர் பார்லரில் நூல் போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா குப்பைமேனியும் கஸ்தூரி மஞ்சளும் அரைத்துப் பூசிவிட்டதில் தலையணை உறை மஞ்சளானதுதான் மிச்சம். "உங்க அத்தைக்கும் இப்படித்தான், நம்ம வகையறா" என்று முடித்துவிட்டார்.

முதலில் போன இடத்தில் ஆறு சிட்டிங்குக்கும் சேர்த்துப் பணம் வாங்கினார்கள். பீரியட்ஸ் ஒழுங்காக வருகிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான் வரும். நடுவில் சித்திரைத் திருவிழா. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் போய், வைகைக் கரையில் மதியம் வரை வெயிலில் நின்றேன். அந்த வாரமே சிட்டிங். லேசர் தேடுவது கறுப்பு நிறமியைத்தான். முடியில் இருப்பதோடு, வெயிலில் கறுத்த தோலில் இருப்பதும் சேர்ந்து சூடாகும் என்பது பட்டபின்தான் தெரிந்தது. தாடையில் காப்பி நிறத் திட்டுகள், மறைய ஐந்து மாதம். முடியோ அதற்குள் திரும்ப வந்துவிட்டது.

அப்புறம் பார்த்த தோல் டாக்டர் மெஷின் பக்கமே போகவில்லை. குரல் தடித்ததா, முடி திடீரென்று வளர்ந்ததா, ஸ்டீராய்டு மாத்திரை உண்டா என்று கேள்விகள். திடீர் வளர்ச்சி என்றால் சினைப்பையிலோ, சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியிலோ கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். எனக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் கூடுதல், ஸ்கேனில் சினைப்பை நீர்க்கட்டி: பிசிஓஎஸ், அதாவது பீரியட்ஸ் தள்ளிப்போவதற்கும் முகத்தில் முடி வளர்வதற்கும் காரணமான ஹார்மோன் கோளாறு. அத்தை விஷயம் வேறு; முடி வளரத் தலைக்குத் தடவிய மினாக்சிடில் மருந்தால் கன்னத்தில் வந்தது, நிறுத்தியதும் போய்விட்டது.

ஆண் ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை தந்தார் டாக்டர், சாப்பிடும் காலத்தில் கர்ப்பம் கூடாது. பலன் தெரியவே ஆறு மாதம் ஆனது. கூடவே, மாநிறத் தோலுக்குப் பாதுகாப்பானது என்று 1064 நானோமீட்டர் என்டி யாக் லேசர், மாதம் ஒன்று, எட்டு சிட்டிங். ரப்பர் பேண்டால் சுண்டுவது போல வலிக்கும். இடையில் நூல் கூடாது, வேர் போனால் லேசருக்கு வேலையில்லை, ஷேவிங் மட்டும்தான். ஷேவ் செய்தால் முடி தடிக்கும் என்பது சும்மா பேச்சு. ஆனாலும் ரேசரைத் தம்பி கண்ணில் படாமல் அரிசி டின்னுக்குப் பின்னால்தான் வைத்திருந்தேன்.

இப்போது நான்கு மாதத்துக்கு ஒரு சிட்டிங். முக்கால்வாசி குறைந்துவிட்டது, மீதி பூனை முடி. நாலைந்து நரைமுடி மட்டும் லேசருக்குச் சிக்காது. அதற்கு இன்னும் அதே பார்லர் அக்காதான், நூலைப் பல்லில் கடித்தபடியே "எங்க ஆளையே காணோம்?" என்கிறார்.