எனிலூப் செல்களும் சிசி17 சார்ஜரும்: பேட்டரி நிற்காத கேமராவுக்கு ஒரு செட்டிநாட்டுச் சோதனை

இரண்டு பென்சில் (ஏஏ அளவு) பேட்டரிகளில் இயங்கும் சிறிய டிஜிட்டல் கேமராக்கள் காரைக்குடி வட்டாரத்தில் இன்னும் பல வீடுகளின் பெட்டகங்களில் இருக்கின்றன. லென்சும் சென்சாரும் பழுதின்றி இருந்தும், பேட்டரி நிற்பதில்லை என்ற ஒரே குறைக்காக அவற்றை ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி ஆகிய ஊர்களின் பழைய வீடுகளில் உள்ள நிலைக்கதவு வேலைப்பாடுகளையும் தூண்களையும் தளக்கற்களையும் ஆவணமாகப் பதிவுசெய்ய நான் பயன்படுத்துவதும் அத்தகைய ஒரு கேமராதான். அதில் புதிய பேட்டரிகளைப் போட்டால்கூட, ஓர் அறையை எடுத்து முடிப்பதற்குள் பேட்டரியை மாற்றச் சொல்லும் சிவப்புக் குறி எரியத் தொடங்கிவிடும். பானசோனிக் நிறுவனத்தின் எனிலூப் என்ற ரீசார்ஜ் செல்களுக்கும், அதே நிறுவனத்தின் பிகியூ-சிசி17 சார்ஜருக்கும் மாறிய பிறகு அந்தக் குறை தீர்ந்தது. இவ்விரண்டையும் நான் முழுமனத்துடன் பரிந்துரைக்கிறேன். இருப்பினும், குறை எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் செல்லை மட்டும் மாற்றுவோருக்கு முழுப் பலன் கிடைக்காது. ஆகவே சோதிக்கும் முறையையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இங்குள்ள வீடுகளில் படம் எடுப்பது பேட்டரிக்குக் கடுமையான வேலை. முகப்பும், வளவு எனப்படும் நடுமுற்றமும் வெளிச்சமாக இருக்கும். வளவைச் சுற்றியுள்ள அறைகளுக்குள் நுழைந்துவிட்டால் நண்பகலிலும் இருட்டுதான், ஏறக்குறைய ஒவ்வொரு படத்துக்கும் ஃப்ளாஷ் வேண்டியிருக்கும். அதைவிட முக்கியமானது, இந்த வீடுகளில் பல ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன என்பது. முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ பங்காளிகள் கூடும்போதுதான் கதவு திறக்கிறது. அந்த ஒரு பொழுதில் பேட்டரி கைவிட்டால், அடுத்த முறை சாவி வரும்வரை காத்திருக்க வேண்டும். வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டில் பிளக் பாயிண்ட் தேடி அலைவதும் வீண். பழைய வயரிங் உள்ள வீடுகளில் அப்படி ஒன்று இருப்பதே அரிது. எனவே, எப்போதோ சார்ஜ் செய்து பையில் வைத்த செல், எடுத்துப் போடும் அன்று நிறைவாக இருக்க வேண்டும். நான் இந்தச் செல்களை மதிப்பிடும் முதல் அளவுகோல் இதுவே.

கேமரா ஏன் பேட்டரியை விழுங்குகிறது என்பதைப் புரிந்துகொள்ள, அது கேட்கும் மின்னோட்டத்தைப் பார்க்க வேண்டும். சுவர்க்கடிகாரத்துக்கு மிகச் சிறிய மின்னோட்டம் போதும். இரண்டு செல் கேமராவோ, திரை எரிந்துகொண்டிருக்கும்போதே லென்சை நகர்த்தி, ஃபோகஸ் செய்து, ஃப்ளாஷின் மின்தேக்கியையும் நிரப்பும் நேரங்களில் ஓர் ஆம்பியரும் அதற்கு மேலும் கேட்கிறது. கடையில் 'பேட்டரிக் கட்டை' என்று கேட்டால் எடுத்துத் தரும் விலைகுறைந்த துத்தநாக-கார்பன் செல் இந்தச் சுமையைத் தாங்கவே தாங்காது. சில படங்களிலேயே படுத்துவிடும். அல்கலைன் செல் அதைவிட மேல் என்றாலும், அதன் உள்தடை, அதாவது செல்லுக்குள்ளேயே மின்னோட்டத்துக்கு இருக்கும் தடை, கூடுதல். குறைந்த சுமையில் 2,500 மில்லி ஆம்பியர் மணிக்கு (செல்லின் கொள்ளளவைச் சொல்லும் அலகு இது) அருகில் தரக்கூடிய அதே அல்கலைன் செல், ஓர் ஆம்பியர் சுமையில் அதில் பாதியைக்கூடத் தருவதில்லை. மேலும் அதன் மின்னழுத்தம் 1.5 வோல்ட்டில் தொடங்கிப் படிப்படியாக இறங்கிக்கொண்டே போகும். கேமராவின் உள்ளே இருக்கும் கண்காணிப்புச் சுற்று, சுமை ஏறும் கணத்தில் அழுத்தம் குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே போனதும் நிறுத்திவிடுகிறது. கேமராவில் 'தீர்ந்துபோன' அல்கலைன் செல்லை எடுத்துக் கடிகாரத்தில் போட்டால் அது பல மாதம் ஓடுவதற்குக் காரணம் இதுதான். ஆகவே அவற்றைக் குப்பையில் எறிய வேண்டியதில்லை.

எனிலூப் ஒரு நிக்கல்-உலோக ஹைட்ரைடு செல். பெயரளவில் 1.2 வோல்ட்தான் என்பதைப் பார்த்து, இது 1.5 வோல்ட்டைவிட வலுக்குறைந்தது என்று பலர் ஒதுக்குகிறார்கள்; கேமராவைப் பொறுத்தவரை உண்மை அதற்கு நேர்மாறானது. உள்தடை மிகக் குறைவாக இருப்பதால், கனத்த சுமையிலும் தன் கொள்ளளவின் பெரும்பகுதி தீரும்வரை 1.2 வோல்ட்டை ஒட்டியே நிற்கிறது. வெள்ளை நிறச் சாதாரண எனிலூப்பின் குறைந்தபட்சக் கொள்ளளவு 1,900 மில்லி ஆம்பியர் மணி. எண்ணில் அல்கலைனைவிடக் குறைவு. கேமராவுக்குள் கிடைக்கும் படங்களிலோ தெளிவாகக் கூடுதல். நான் ஒரு வீட்டின் முகப்பு முதல் அடுப்படி வரை இடையில் செல் மாற்றாமல் எடுத்துவிடுகிறேன். அல்கலைன் காலத்தில் இது நினைத்துப் பார்க்க முடியாத காரியம்.

இதற்கு முன்பும் ரீசார்ஜ் பேட்டரிகள் இருந்தனவே, அவை ஏன் ஏமாற்றின என்ற கேள்வி நியாயமானது. பழைய வகை நிக்கல்-உலோக ஹைட்ரைடு செல்கள் சும்மா இருக்கும்போதே சார்ஜை இழந்துவிடும். அறை வெப்பநிலையில் ஒரே மாதத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுவதுண்டு. வெப்பம் கூடக்கூட இந்த இழப்பும் விரைவாகும். சித்திரை, வைகாசி மாதங்களில் நம் ஊரில் பைக்குள் வைத்த அத்தகைய செல், கோடையில் ஆள் இறங்காமலே வற்றிப்போகும் ஊருணியைப் போன்றது. இந்தத் தானிழப்பை வெகுவாகக் குறைத்த செல்லாக, 2005 நவம்பரில் சான்யோ நிறுவனம் எனிலூப்பை அறிமுகப்படுத்தியது. பின்னர் சான்யோ பானசோனிக்குடன் இணைந்ததால் இப்போது பானசோனிக் பெயரில் விற்கப்படுகிறது. சார்ஜ் செய்து வைத்த செல்லில் பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் 70 விழுக்காடு மீந்திருக்கும் என்றும், 2,100 முறை வரை சார்ஜ் செய்யலாம் என்றும் உற்பத்தியாளர் கூறுவது மிதமான வெப்பநிலையில் பெற்ற கணக்கு. நம் கோடைக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் சில மாதங்கள் பையில் கிடந்த இணை, எடுத்துப் போட்டவுடன் முழு வேலை செய்வதை நான் தொடர்ந்து பார்த்துவருகிறேன்.

கறுப்பு நிற எனிலூப் புரோ வகையின் கொள்ளளவு 2,500 மில்லி ஆம்பியர் மணியைத் தொடுகிறது. ஆயினும் அதன் ஆயுள் 500 சார்ஜ் அளவில்தான் சொல்லப்படுகிறது, விலையும் கூடுதல். என் வேலைக்கு வெள்ளையே ஏற்றது. 3,000, 3,500 என்று பெரிய எண்களை அச்சிட்டு வரும் பெயரறியாச் செல்களை வாங்கவே வேண்டாம். பென்சில் பேட்டரி அளவுக்குள் இந்த வேதியியலில் 2,700 மில்லி ஆம்பியர் மணியைத் தாண்டுவது அரிது என்பதால், அந்த எண்ணே நம்பத்தகாதது.

இப்போது சார்ஜர். செல்லைப் பற்றிப் பேசுவோர் சார்ஜரை விட்டுவிடுகிறார்கள். எனக்கோ பாதிக் குறை அங்கேதான் இருக்கிறது என்று தோன்றுகிறது. மலிவான சார்ஜர்கள் செல்களை இரண்டிரண்டாகச் சேர்த்தே சார்ஜ் செய்கின்றன, நிறைந்ததா என்று பார்க்காமல் கணக்கிட்ட நேரத்துக்கு மின்சாரத்தைத் தள்ளுகின்றன. இணையில் ஒன்று பாதி நிறைந்தும் மற்றொன்று காலியாகவும் இருந்தால், முதலாவது அளவுக்கு மீறிச் சூடேறும். இரண்டாவது நிறையாமலே நிற்கும். அந்த இணையைக் கேமராவில் போட்டால், நிறையாத செல் முதலில் தீர்ந்து, நிறைந்த செல்லில் மீதமிருந்தும் கேமரா அணைந்துவிடும். அதற்கு மேலும் வற்புறுத்தி இயக்கினால் காலியான செல்லில் துருவம் தலைகீழாகி அது நிரந்தரமாகக் கெட்டும் போகலாம். சிசி17 நான்கு செல்களையும் தனித்தனியாகக் கவனிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனி விளக்கு உண்டு, நிறைந்த செல்லுக்கு மின்சாரத்தைத் தானே நிறுத்திக்கொள்கிறது. காலியான செல்கள் நிறைய ஏறத்தாழ 7 மணி நேரம் ஆகும் என்பதால் அவசரக்காரர்களுக்கு இது பொருந்தாது. கொள்ளளவைக் காட்டும் திரையும் இல்லை. இரவில் போட்டுக் காலையில் எடுக்கும் எனக்கு இந்த நிதானமே பிடித்திருக்கிறது, செல்லும் அதிகம் சூடாவதில்லை. ஒன்றை மட்டும் சொல்லவேண்டும்: 40 டிகிரி செல்சியசை நெருங்கும் வெப்பத்தில் நிக்கல் செல்கள் சரியாகச் சார்ஜ் ஏறாது. ஓட்டின் சூடு இறங்கும் மாடி அறையைத் தவிர்த்து, தரைத்தளத்தில் இரவு நேரத்தில் சார்ஜ் செய்வது நல்லது.

நல்ல செல்லும் நல்ல சார்ஜரும் இருந்தும் கேமரா விரைவில் அணைகிறது என்றால், அடுத்துப் பார்க்கவேண்டியது பேட்டரி அறையின் தொடுமுனைகள். விரல் எண்ணெயும் தூசியும் துருப்படலமும் சேர்ந்து அங்கே 0.2 ஓம் தடை உண்டானால்கூட, ஓர் ஆம்பியர் ஓடும்போது 0.2 வோல்ட் அங்கேயே போய்விடும். மொத்தமே 2.4 வோல்ட்டில் இயங்கும் கருவிக்கு அது பெரிய இழப்பு, செல்லில் பாதி மீந்திருக்கும்போதே எச்சரிக்கை விளக்கு எரியும். பென்சில் அழிப்பானால் முனைகளை மென்மையாகத் தேய்த்து, துகள் உள்ளே விழாமல் துடைத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சுக்குச்சியால் முடிக்கலாம். பழைய அல்கலைன் செல் கசிந்து வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அது காரம். முதலில் ஒரு துளி எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்ட பஞ்சுக்குச்சியால் நீக்கி, பிறகு ஆல்கஹாலால் துடைத்து நன்கு உலரவிட வேண்டும். செல்லின் இருமுனைகளையும் உலர்ந்த துணியால் துடைக்க மறக்கக்கூடாது. கதவின் உள்பக்கத் தகடும் தொடுமுனைதான் என்பதால் அதையும் விடக்கூடாது. வளைந்து தளர்ந்த ஸ்பிரிங் இருந்தால் அதைச் சற்றே நிமிர்த்தினாலே பல கேமராக்கள் திருந்திவிடுகின்றன.

அமைப்புப் பட்டியலிலும் ஓர் இடம் பார்க்கவேண்டியிருக்கிறது. நிக்கானின் கூல்பிக்ஸ் வரிசையில் பென்சில் பேட்டரியில் ஓடும் மாடல்கள் போன்ற சிலவற்றில், பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்க வழி உண்டு. அதில் அல்கலைன் என்று இருந்துவிட்டால், 1.2 வோல்ட்டைக் கண்டதும் கேமரா பாதி தீர்ந்ததாகத் தவறாகக் கணிக்கும். நிக்கல்-உலோக ஹைட்ரைடு என்று மாற்றியதும் அதே செல்லில் படங்கள் கூடும். திரையின் பிரகாசத்தைக் குறைத்தல், எடுத்த படத்தைக் காட்டும் நேரத்தைச் சுருக்குதல், தொடர் ஃபோகஸை அணைத்தல் ஆகியவை எல்லோரும் அறிந்தவை. அவற்றால் வரும் பலன் உண்மையானது, ஆனால் மேலே சொன்ன இரண்டையும்விடச் சிறியது.

அணைத்துவைத்த கேமராவிலேயே செல் தீர்ந்துபோனால், அதைத் தனியே சோதிக்க வேண்டும். நிறைவாகச் சார்ஜ் செய்த இரண்டு இணைகளில் ஒன்றைக் கேமராவுக்குள்ளும் மற்றொன்றை வெளியிலும் ஒரு வாரம் வைத்து, பிறகு இரண்டையும் ஒரே மாதிரி பயன்படுத்திப் பார்த்தால் போதும். வெளியில் இருந்தது நலமாகவும் உள்ளே இருந்தது காலியாகவும் இருந்தால், மின்சாரம் கேமராவின் சுற்றுப்பலகையிலேயே கசிகிறது என்று பொருள். அதற்குச் செல் மாற்றுவது மருந்தாகாது. பழுதுபார்க்கும் கடைக்குத்தான் போகவேண்டும். அதுவரை, படம் எடுத்து முடித்ததும் செல்லைக் கழற்றிவைப்பது தற்காலிக வழி.

பெட்டியில் அச்சிட்ட 'இத்தனை படங்கள்' என்ற எண்ணையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஜப்பானிய கேமரா நிறுவனங்களின் கூட்டமைப்பான சிப்பா வகுத்த முறையில், 23 டிகிரி செல்சியசில், 30 நொடிக்கு ஒரு படம் வீதம், இரண்டு படங்களுக்கு ஒருமுறை ஃப்ளாஷ் அடித்து அந்த எண்ணைப் பெறுகிறார்கள். எல்லாப் படத்துக்கும் ஃப்ளாஷ் அடித்து, ஒரு தூணின் உச்சியில் உள்ள போதிகைக்கு முன் திரையை எரியவிட்டபடியே கோணம் தேடும் நமக்கு அந்த எண் கிடைக்காது. இதை மட்டும் வைத்துக் கேமராவைக் குறைகூறுவது நியாயமில்லை.

அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் வழங்கி உருவான மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் 1953 முதல் இயங்கும் ஊர் காரைக்குடி. அந்த ஊரின் கடைகளில் செல் வாங்குகிறவர், இது கார்பனா, அல்கலைனா, நிக்கலா என்று கேட்டு வாங்கும் வழக்கம் பரவவேண்டும் என்பது என் உண்மையான விருப்பம்.

விலையைப் பொறுத்தவரை, செல்களும் சார்ஜரும் சேர்ந்த பெட்டி அல்கலைன் இணையைவிடப் பல மடங்கு ஆகும். எப்போதாவது ஒரு விசேஷத்துக்கு மட்டும் கேமராவை எடுப்பவருக்கு அந்தச் செலவு தேவைப்படாது. அவர் ஓர் இணை லித்தியம் பென்சில் பேட்டரி வாங்கிக்கொள்ளலாம்; அவை சார்ஜ் ஏறாதவை என்றாலும், கனத்த சுமையைத் தாங்கும், ஆண்டுக்கணக்கில் கெடாமலும் இருக்கும். அடிக்கடி எடுப்பவர் நான்கு எனிலூப் செல்களும் சிசி17 சார்ஜரும் வாங்கி, செல்லின் உடலில் பொறித்திருக்கும் தயாரிப்பு ஆண்டைப் பார்த்து, ஒரே காலத்தவற்றை இணையாக்கி, அழியாத மையால் ஓர் இணைக்கு 'அ' என்றும் மற்றதற்கு 'ஆ' என்றும் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு செல் தளர்ந்தால், அதன் துணையையும் சேர்த்தே கேமரா வேலையிலிருந்து எடுத்து டிவி ரிமோட்டுக்குக் கொடுத்துவிடலாம்.