ஏழு மாதம் பெட்டியில் கிடந்த கோல்

கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் பதினெட்டு ஆண்டுகள் புரூஃப் பார்த்தவன் நான். ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை நோய் முதலில் இரவுப் பார்வையை எடுத்துக்கொண்டது. பிறகு பக்கவாட்டுப் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கியது. கடைசியில் வளையல் துவாரத்தின் வழியாகப் பார்ப்பது போல ஒரு வரியில் நான்கு எழுத்து மட்டும் தெரிந்தது. 2016-ல் அதுவும் போயிற்று. பார்வைக் குறைபாட்டுச் சான்றிதழில் 100 சதவீதம் என்று எழுதிக் கொடுத்தார்கள். பள்ளியில் எந்தப் பாடத்திலும் நான் வாங்காத மதிப்பெண்.

அதன் பிறகு எனக்கு என்னென்ன உதவிகள் கிடைத்தன, அவற்றில் எவை இன்றும் என் கையில் புழங்குகின்றன என்பதைத்தான் எழுதுகிறேன். இது அண்மையில் பார்வை இழந்தவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும்.

2017-ல், மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் வழங்கும் மத்திய அரசின் ஏ.டி.ஐ.பி. திட்டத்தில் விண்ணப்பித்தேன். 1981 முதல் நடக்கும் திட்டம். குறைந்தது 40 சதவீதக் குறைபாடு இருக்க வேண்டும். அப்போது மாத வருமானம் 15,000 ரூபாய்க்குள் இருந்தால் கருவி முழுக்க இலவசம், 20,000 வரை பாதி விலை. இந்த வரம்புகளைப் பின்னர் உயர்த்தியிருக்கிறார்கள். ஒரே தேவைக்காக மூன்று ஆண்டுக்குள் மறுபடி உதவி பெற முடியாது என்பது பலர் கவனிக்காத விதி. கையில் வந்ததை வாங்கிக்கொண்டு வந்துவிட்டு, உண்மையில் வேண்டியது வேறு என்று பிறகு உணர்ந்தால், காத்திருக்க வேண்டியதுதான்.

விண்ணப்பத்துக்கான விவரங்களைத் தேடியபோது ஓர் அலுவலகம் அனுப்பிய கோப்பு, காகிதத்தை அப்படியே படம் பிடித்த பி.டி.எஃப். கணினித் திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருளுக்குத் திரைவாசிப்பான் என்று பெயர்; படத்தில் இருக்கும் எழுத்தை அது நேரடியாகப் படிக்காது. பார்வையற்றோருக்கான உதவி பற்றிய அறிவிப்பை எனக்குப் படித்துச் சொன்னவள் ஆறாம் வகுப்பில் இருந்த என் தங்கை மகள்.

அந்தத் திட்டத்தின் முகாமில் எனக்கு ஸ்மார்ட்கேன் கொடுத்தார்கள். டெல்லி ஐ.ஐ.டி.யில் உருவாகி, 2014-ல் வெளிவந்த கருவி; தயாரித்தது நம் சென்னை நிறுவனம்தான். வெண்கோலின் மேல் பிடியில் பொருத்திக்கொள்ள வேண்டும். மீயொலி அலைகளை அனுப்பி, மூன்று மீட்டருக்குள் முழங்காலுக்கு மேலே ஏதாவது நின்றால் பிடியில் அதிர்வு காட்டும். நெருங்க நெருங்க அதிர்வின் போக்கு மாறும். மேடையில் புகைப்படம் எடுத்தார்கள், விளக்கம் இருபது நிமிடம் நடந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் முயன்றேன். கோலைத் தரையில் எப்படி வீசி நடப்பது என்றே தெரியாதவனுக்கு அதிர்வு எதைச் சொல்கிறது என்று புரியுமா? கடைத்தெருவில் அது ஓயாமல் நடுங்கியது, கூடவே நானும். பெட்டியில் வைத்து மூடினேன். ஏழு மாதம் அங்கேயே கிடந்தது.

அதை வெளியே எடுக்க வைத்தது பயிற்சி. சென்னையில் ஒரு தொண்டு நிறுவனம் மூன்று மாதம் தங்கிப் பயில இடம் கொடுத்தது. கட்டணம் இல்லை, சாப்பாடும் இலவசம். ரயில் டிக்கெட்டில் எனக்கும் துணைக்கு வந்த மனைவிக்கும் 75 சதவீதச் சலுகை. ஆனால் அந்த மூன்று மாதம் வீட்டு வாடகையை யார் கட்டுவது? முதல் இரண்டு வாரம் என்னுடன் இருந்ததால் மனைவியின் தையல் வேலை நின்றது. அதற்கு எந்தத் திட்டத்திலும் இடம் இருக்கவில்லை. மைத்துனரிடம் கடன் வாங்கினோம். வருமான வரியில் 80யு பிரிவின்படி 1,25,000 ரூபாய் வரை கழிவு உண்டு என்று ஒரு நண்பர் உற்சாகமாகச் சொன்னார், கடுமையான குறைபாட்டுக்குப் பழைய வரி முறையில் அது உண்மைதான். வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிப்பவருக்கு அது பயன்படும்.

நடைப் பயிற்சி கொடுத்தவரும் பார்வையற்றவர். "தம்பி, அந்தப் பெட்டியைப் பிறகு பார்ப்போம். முதலில் வெறும் கோல்" என்றார். மூன்று வாரம் வெறும் கோல்தான். இடது கால் முன்னே போகும்போது கோல் நுனி வலப்பக்கம் இருக்க வேண்டும். வலது கால் போகும்போது இடப்பக்கம். பள்ளம், சாக்கடை, படி எல்லாம் நுனிக்குத் தெரியும். அதன் பிறகே ஸ்மார்ட்கேனை மாட்டினோம். அப்போதுதான் அதன் அருமை புரிந்தது. நிறுத்திய லாரியின் பின்பலகை, பாதி இறக்கிய ஷட்டர், சைக்கிள் ஹாண்டில்பார் இவையெல்லாம் கோல் நுனிக்கு எட்டாதவை. நெற்றியில் அடி வாங்கியவர்களுக்கு அதன் மதிப்புத் தெரியும். பள்ளத்தை அது சொல்லாது, சொல்வதற்காகச் செய்ததும் அல்ல. நெரிசலில் இன்றும் நான் அதை அணைத்துவிடுகிறேன்.

கணினி வகுப்பின் முதல் நாள் ஆசிரியர் சொன்னது: "மவுஸைக் கழற்றி மேசை டிராயரில் போடுங்கள்." ஜாஸ் என்ற திரைவாசிப்பானைப் பற்றி முன்பே விசாரித்திருந்தேன். அதன் தொழில்முறை உரிமம் ஆயிரம் டாலரைத் தாண்டும் என்று கேட்டதும் அந்த நினைப்பை விட்டேன். இங்கே எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது என்.வி.டி.ஏ. 2006-ல் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலியர் தொடங்கிய இலவச மென்பொருள். அதாவது, என் வாழ்க்கையை அதிகம் மாற்றிய கருவிக்கு விலையே இல்லை. அதைப் பயன்படுத்தக் கற்பதற்குத்தான் செலவு பிடித்தது. அதனுடன் வரும் ஈஸ்பீக் குரல் தகரத்தைத் தட்டுவது போல இருக்கும். விண்டோஸில் வரும் தமிழ்க் குரலுக்கு வள்ளுவர் என்று பெயர். கேட்க இனிமை, ஆனால் வேகம் கூட்டினால் எனக்குப் பிடிபடுவதில்லை. நான் ஈஸ்பீக்கிலேயே தங்கிவிட்டேன். இப்போது நான் வைத்திருக்கும் வேகத்தைக் கேட்டால் யாரோ இருவர் சண்டை போடுவதாகத் தோன்றுகிறது என்கிறாள் மனைவி. தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகை. உயிர் இடது கைக்கு, மெய் வலது கைக்கு. இரண்டு வாரத்தில் விரல் படிந்தது.

அச்சகத்துக்குத் திரும்பினால் புதிய சிக்கல். பழைய கோப்புகள் எல்லாம் பாமினி எழுத்துருவில் இருந்தன. கண்ணுக்குத் 'தமிழ்' என்று தெரிவது கணினிக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. என்.வி.டி.ஏ. உள்ளே இருப்பதைத்தானே படிக்கும்! தமிழ் எழுத்தைத் தமிழாகவே கணினிக்குள் வைக்கும் யூனிகோடுக்கு மாற்றிய பிறகுதான் தமிழ் கேட்டது. அதோடும் முடியவில்லை. அரம், அறம் இரண்டும் என் காதுக்கு ஒன்றாகவே விழுந்தன. மனமும் மணமும் அப்படியே. எழுத்தெழுத்தாகக் கேட்டுத் திருத்தினால் ஒரு பக்கத்துக்கு அரை நாள் போனது. காதால் கதை கேட்கலாம், புரூஃப் பார்க்க முடியாது என்று அப்போது தெரிந்தது.

எனவே நாற்பத்து மூன்று வயதில் பிரெயில் கற்றேன். எட்டு மாதம் பிடித்தது. அரிசியில் கல் பொறுக்கும் விரலுக்கு இது எளிது என்று மனைவி முயன்று பார்த்தாள், உண்மையிலேயே என்னைவிட வேகமாகப் புள்ளிகளைப் பிரித்தாள். ர-வுக்கு நான்கு புள்ளி, ற-வுக்கு ஐந்து. விரல் நுனியில் அவை ஒருபோதும் குழம்புவதில்லை.

கணினித் திரையில் இருப்பதைப் புள்ளிகளாக எழுப்பிக் காட்டும் பிரெயில் காட்டி வேண்டும். வழக்கமான பெரிய காட்டிகள் லட்சத்தைத் தாண்டும், ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியே தூக்கி இறக்கும் நுட்பம்தான் அந்த விலைக்குக் காரணம். செல் என்பது ஒரு பிரெயில் குறிக்கான புள்ளிக் கட்டம்; 20 செல்கள் கொண்ட மலிவான ஒன்றை 2021-ல் வாங்கினேன். அதுவே என் இரண்டு மாத வருமானத்துக்கு மேல். உள்ளூர்ச் சங்கம் ஒன்று பாதி கொடுத்தது, மீதியை அச்சக முதலாளி முன்பணமாகத் தந்து மாதாமாதம் பிடித்துக்கொண்டார். அதற்கு மூன்று இடங்களில் விண்ணப்பித்தேன். "உங்களுக்குத்தான் கோல் கொடுத்தாயிற்றே" என்று ஓர் இடத்தில் கேட்டார்கள்.

20 செல் தமிழுக்குக் குறைவு. 'மாற்றுத்திறனாளிகள்' என்று எழுதினால் 18 செல் போய்விடும். அடுத்த சொல்லுக்கு இடமில்லை. வரி மாறும்போது கருவி பொரிகடலை வறுப்பது போலச் சத்தம் போடும். ஆனாலும் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பக்கம் புரூஃப் பார்க்கிறேன். திருமணப் பத்திரிகையில் 'மனமக்கள்' என்று வந்தால் விரல் நின்றுவிடுகிறது.

நான்காவது ஆண்டில் ஒரு கோளாறு. பதினான்காவது செல்லில் ஐந்தாம் புள்ளி எழுவதில்லை. பழுதுபார்க்க அனுப்பினால் கருவி பல வாரம் கையில் இருக்காது, வேலையும் இருக்காது. புதுக் கருவிக்கு உதவி கேட்கப் படிவம் உண்டு. பழுதுபார்க்க உதவி கேட்டு நான் போன இடங்களில் அப்படி ஒரு படிவமே இல்லை. ஐந்தாம் புள்ளி போனால் ர என்பது ல ஆகிவிடும். மரம் நடுவிழா அழைப்பிதழ் ஒன்றில் அந்த எழுத்து சரியாகப் பதினான்காவது செல்லில் வந்து நின்றது. ஒரு கணம் திடுக்கிட்டுப்போய், வரியை இரண்டு செல் நகர்த்திப் பார்த்தேன். மரம்தான்.